கொழுந்தனாரின் இரண்டாவது மண்டை

1

எங்கள் வீட்டுச் செருப்பு அலமாரியின் மேல்தட்டில் என் கொழுந்தனாரின் மண்டை ஓடு இருக்கிறது. பயந்துவிடாதீர்கள், கொழுந்தனார் நன்றாகத்தான் இருக்கிறார். போன ஞாயிறுகூட வந்து, இரண்டு தட்டு மீ கோரேங் நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு, உறைப்பு போதவில்லை என்று குறையும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த மண்டை ஓடு இந்தத் திங்கட்கிழமை காணாமல் போனது. நான் கட்டிலுக்கு அடியில் தேடிக்கொண்டிருக்கும்போது மகள் கவிதாவின் பள்ளியிலிருந்து போன் வந்தது. ஆசிரியை மலாய்க்காரர். அவர் பேசுவது எனக்கு முக்கால்வாசி புரியும். பதில் சொல்லும்போது மட்டும் என் நாக்கு கோயம்புத்தூரைத் தாண்டி வராது. அறிவியல் கண்காட்சிக்கு உங்கள் மகள் ஒரு மண்டை ஓடு கொண்டுவந்திருக்கிறாள், சித்தப்பாவுடையது என்கிறாள், மற்ற பிள்ளைகள் பயப்படுகிறார்கள், உண்மைதானா என்று கேட்டார். உண்மைதான் என்றேன். ஆனால் ஆள் உயிரோடு இருக்கிறார் என்பதை மலாயில் எப்படிச் சொல்வது என்று யோசித்து, வந்த வார்த்தைகளைக் கோத்து, "டியா மாசே மக்கான், சிக்கு" என்று சொல்லிவைத்தேன். அவர் இன்னும் சாப்பிடுகிறார், டீச்சர் என்று அர்த்தம்.

ஊரில் இதைப் படிக்கிறவர்கள் சிரிப்பீர்கள், சிரியுங்கள். அந்த மண்டை எங்கள் வீட்டுக்கு வந்த நாட்களில் எங்களில் யாரும் சிரிக்கவில்லை. இந்த மாதத்தோடு அதற்கு ஒரு வருடம் ஆகிறது. பள்ளியிலிருந்து போன் வந்ததும் எல்லாம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது, எழுதாமல் இருக்க முடியவில்லை.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான் வசந்தி. கோயம்புத்தூர் கணபதியில், இரும்பு வார்க்கும் ஃபவுண்டரிகளுக்கு மர பாட்டர்ன், அதாவது வார்ப்பு மாதிரி, செய்து கொடுத்துக்கொண்டிருந்தவரின் மகள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் சரக்கு அளந்து பார்க்கும் பிரிவில் வேலை பார்த்தேன். மாப்பிள்ளை மலேசியா என்றார்கள், வந்துவிட்டேன். கணவர் ராஜன் ரப்பர் எஸ்டேட்டில் பிறந்தவர். எஸ்டேட்டை முதலாளிகள் விற்று அங்கே குடியிருப்பு கட்டியபோது அங்கிருந்த குடும்பங்கள் நாலாபக்கமும் சிதறின, இவர்கள் புக்கிட் ரம்பாய்க்கு வந்தார்கள். அங்கே பிளாஸ்டிக் சாமான் செய்யும் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில், அதாவது அச்சு செய்யும் பட்டறையில், அவருக்கு வேலை. எனக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. வருடா வருடம் இமிகிரேஷனில் போய் நின்று, நான் இன்னமும் இந்த மனிதருக்குத்தான் மனைவி என்று நிரூபிப்பதுதான் என் வேலை.

2

ராஜனுக்கு ஒரே தம்பி சேகர். தங்கா பத்துவில் வீடு. லோரி ஓட்டுகிறவர். சுமத்ராக் காட்டுத் தீயின் புகை ஊரையே மூடிக் கிடந்த மாதத்தில், மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும்போது, ஓரமாக விளக்கில்லாமல் நின்ற ஒரு லோரியின் பின்னால் போய் மோதினார். முன்பல் நான்கு போயின. கன்ன எலும்பில் விரிசல். இடது பக்கம் மண்டை நொறுங்கியது. உயிரைக் காப்பாற்ற அந்த எலும்பை வெட்டி எடுத்தார்கள். பிறகு திருப்பி வைத்த எலும்பில் சீழ் பிடித்தது. மறுபடி திறந்து, அதை எடுத்துத் தூக்கிப் போட்டார்கள்.

ஆக, இடது காதுக்கு மேலே ஓர் உள்ளங்கை அகலத்துக்கு அவருக்கு எலும்பு கிடையாது. தோல்தான். குனிந்தால் அந்த இடம் புடைக்கும், நிமிர்ந்து உட்கார்ந்தால் குழிந்துபோகும். சும்மா இருக்கும்போது துடித்துக்கொண்டே இருக்கும். வீட்டுக்குள்ளும் ஹெல்மெட் போட்டுக்கொண்டு இருப்பார். சோறு தின்னும்போதும் ஹெல்மெட்தான். லோரிக் கம்பெனி வேறு ஆள் போட்டுவிட்டது.

அவர் மனைவி லெட்சுமி கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். வாயில்லாப் பூச்சி. ஒருநாள் என்னிடம் சொன்னாள்: "தூக்கத்துல பொரண்டு சொவத்துல இடிச்சிக்குவாருன்னு பயமா இருக்குக்கா. கைய அந்த எடத்துல வச்சிக்கிட்டே படுத்துக்குவேன். மரத்துப்போனாலும் எடுக்க மாட்டேன்." எத்தனை மாதமாக என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நான் அழுதுவிடுவேன் என்று தெரியும்.

ஆஸ்பத்திரி டாக்டர் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். இனி ஒரே ஒரு தடவைதான் திறப்பேன். இன்னொரு தடவை சீழ் பிடித்தால் அது மூளைக்குப் போய்விடும். தலையைத் திறந்து வைத்துக்கொண்டு, தகட்டை வெட்டிப் பார்த்து, வைத்துப் பார்த்து, மறுபடி வெட்டிக்கொண்டிருக்க நேரம் கிடையாது. அளவெடுத்துச் செய்த தகடு கையில் தயாராக இருக்க வேண்டும், திறந்ததும் அது உட்கார வேண்டும். வெளிநாடுகளில் ஸ்கேன் படத்தை வைத்து லேசர் மிஷினில் மண்டையை அப்படியே செய்துவிடுகிறார்கள், அதன் மேல் வைத்துத் தகடு செய்கிறார்கள், இங்கே அந்த மிஷினுக்கு நான் எங்கே போவது என்றாராம். ராஜன் மெதுவாக, "எங்க டூல் ரூம்ல ஒன்னு இருக்கு டாக்டர்" என்றாராம்.

அந்த மிஷினை நான் ஒரு குடும்ப தினத்தில் பார்த்திருக்கிறேன். ஒரு தொட்டி நிறையப் பிசின், தேன் நிறத்தில். அதன் மேல் ஓர் ஒளிப்புள்ளி ஓடி ஓடிக் கோடு போடும். கோடு பட்ட இடம் மட்டும் இறுகிவிடும். அடியிலிருக்கும் தட்டு ஒரு மயிரிழை இறங்கும், அதன் மேல் அடுத்த படலம். நம் ஊர் ஆட்களுக்குத் தெரியாது, இங்கே குவே லாப்பிஸ் என்று அடுக்கடுக்காக ஒரு பலகாரம் செய்வார்கள், அதே கதைதான். அங்கே சோறு ஆக்கும் குக்கரின் மூடி, ரிமோட்டின் மேல்கூடு என்று செய்வார்கள். செய்ததை வைத்து அச்சு எடுப்பார்கள். மேனேஜர் லிம், சீனப் பெருநாள் விடுமுறையில் மிஷின் சும்மாதானே இருக்கும், செய்துகொள் என்று விட்டுவிட்டார்.

இப்படித்தான் சேகரின் மண்டை, கண்குழி, கன்ன எலும்பு, மேல்வரிசையில் மிச்சமிருந்த பல் எல்லாவற்றோடும், இடது பக்கம் ஓட்டையோடும், தொட்டியிலிருந்து எழுந்து வந்தது. ராஜன் அதைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து எங்கள் மேசையில் வைத்த அன்று லெட்சுமி வாசலிலேயே நின்றுவிட்டாள். "உசிரோட இருக்குற மனுசன் மண்டைய எப்படிக்கா பாக்குறது. கழுத்துல தாலி இருக்கு." அதற்குப் பிறகு அவள் எங்கள் வீட்டுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. அதனால்தான் செருப்பு அலமாரி, கதவைச் சாத்திவிடலாம் அல்லவா.

மண்டையை ஆஸ்பத்திரியில் பல் செட் செய்யும் லேபுக்குக் கொடுத்தோம். அவர்கள் ஓட்டையை மெழுகால் நிரப்பி, மெழுகை அச்செடுத்து, கெட்டியான அக்ரிலிக்கில் தகடு வார்த்தார்கள். தகட்டை மண்டையில் வைத்தால் டக்கென்று உட்கார்ந்தது. நகம் நுழைய இடமில்லை. ராஜன் அதை எடுப்பதும் வைப்பதுமாக அன்றைக்கெல்லாம் சின்னப் பிள்ளை மாதிரி விளையாடிக்கொண்டிருந்தார். தகட்டை லேபிலேயே விட்டுவிட்டு மண்டையை வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

ஆனால் அறுவைச் சிகிச்சை தள்ளிப்போனது. முதல் தடவை சேகருக்குக் காய்ச்சல். இரண்டாம் தடவை, பஸ் விபத்து ஒன்று வந்து அறை கிடைக்கவில்லை. இரண்டாம் தடவை வீட்டுக்குத் திரும்பிய சேகர் ஹெல்மெட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளேபாங் கடற்கரை வரை போய் வந்தார், வெறும் தலையோடு. போய்க் கேட்டதற்கு, "இன்னொரு தடவ தள்ளுனாங்கன்னா நான் போமாட்டேன் அண்ணி. இப்படியே லோரி ஓட்டிக்கிறேன். விழுந்தா விழுந்துட்டுப் போறேன்லா" என்றார். அவர் வெறுமனே சொல்கிற ஆள் இல்லை.

3

மூன்றாவது தேதிக்கு முந்தின நாள். பள்ளி விடுமுறை. சேகரை ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது. நகை, தாயத்து, பல் செட் எதுவும் கூடாது என்று நர்ஸ் சொன்னதால், லெட்சுமி அவற்றையெல்லாம் ஒரு மைலோ டின்னில் போட்டு, காலையில் என் வாசலில் நின்று என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். எனக்கும் அன்று மதியம் இமிகிரேஷனில் வேலை. இந்த நாட்டில் தங்குவதற்கான என் பாஸ் அன்றோடு முடிகிறது. புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன்.

கவிதாவுக்குப் பன்னிரண்டு வயது. தமிழில் ஆரம்பித்து மலாயில் முடிப்பாள், கோபம் வந்தால் ஆங்கிலம். நான் "ஏனுங்க" என்று யாரிடமாவது பேசினால் கூச்சப்பட்டு நாலடி தள்ளிப் போய் நிற்பாள். என் அப்பா முகம் அவளுக்குப் போட்டோவில்தான் தெரியும். அவளுக்கும் எனக்கும் நடுவில் ஒரு வெற்றிடம் விழுந்துகொண்டே போகிறது என்று எனக்குள் ஒரு பயம் உண்டு. அன்று அவள் மைலோ டின்னைத் திறந்து பல் செட்டை எடுத்து, மண்டையின் வாயில் மாட்டப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, சித்தப்பா சிரிக்க மாட்டேங்கிறாருலா. தாக் மாசோக்."

"கம்பி வளைஞ்சிடும், வைடி கீழே."

"உள்ளயே போக மாட்டேங்குதும்மா."

பிடுங்கி வைக்கலாம் என்றுதான் போனேன். அது விபத்தில் போன நான்கு முன்பல்லுக்காகக் கட்டிய சின்ன செட். இரண்டு பக்கமும் ஒரு கம்பி வளையம், பக்கத்துப் பல்லைக் கவ்விக்கொள்ளும். மண்டையில் அந்த இரண்டு பற்களும் இருந்தன. ஒரு வளையத்தை ஒரு பல்லில் மாட்டினேன். இன்னொரு வளையம் அடுத்த பக்கப் பல்லுக்கு எட்டவில்லை. மாற்றி மாட்டினேன், இந்தப் பக்கம் எட்டவில்லை. அழுத்திப் பார்த்தேன். ஏறவே இல்லை.

இஸ்திரிப் பெட்டியை அணைத்தேனா என்றுகூட ஞாபகம் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

எலும்பின் மேல் ஈறு இருக்கும். மண்டையில் ஈறு கிடையாது. அப்படியானால் பல் செட் தொளதொளவென்று ஆட வேண்டும். இது இறுக்கமாக இருக்கிறது. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே தூரம் கூடியிருக்கிறது. பல் மட்டும் தள்ளிப்போகுமா. மண்டை முழுக்கப் பெரிதாக இருக்கிறது.

ஏன் பெரிதாக இருக்கிறது என்பதை யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அப்பா கடையில் ஓர் அளவுகோல் உண்டு. உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கும், அதனால் மரத்தில் செய்யும் பாட்டர்ன் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியாது என்று அளவுகோலையே நீட்டி அடித்திருப்பார்கள். பார்வைக்குச் சாதாரண அளவுகோல், ஒவ்வொரு அங்குலத்திலும் ஒரு பொட்டு கூட இருக்கும். நான் ஏழாம் வகுப்பில் என் ஸ்கேலைத் தொலைத்துவிட்டு அதை எடுத்துக்கொண்டு பரீட்சைக்குப் போனேன். போட்ட முக்கோணம் எல்லாம் தப்பு. கணக்கு வாத்தியார் அந்த ஸ்கேலாலேயே போட்டார், அடியும் ஒரு பொட்டு கூடத்தான் இருந்தது.

பிளாஸ்டிக்கும் சுருங்கும். ராஜனின் டூல் ரூமிலும் அதே வழக்கம்தான், அங்கே அளவுகோலுக்குப் பதில் கம்ப்யூட்டர். எந்தப் படம் போனாலும் மிஷினுக்குப் போகும் முன்னால் நூற்றுக்கு இரண்டு பங்கு பெருக்கிவிடுவார்கள். யாரும் யோசித்துச் செய்வதில்லை, கை தானாகச் செய்துவிடும். குக்கர் மூடிக்கும் அப்படித்தான், ரிமோட்டுக்கும் அப்படித்தான். என் கொழுந்தனாரின் மண்டைக்கும் அப்படியே செய்திருக்கிறார்கள்.

தகடு மண்டையில் டக்கென்று உட்கார்ந்தது ஏன் என்று இப்போது புரிந்தது. மண்டையும் தப்பு, மண்டையைப் பார்த்துச் செய்த தகடும் அதே தப்பு. அதுவும் இதுவும் பொருந்தத்தான் செய்யும். நாளைக்குக் காலையில் சேகரின் தலையில்தான் பொருந்தாது, தலை திறந்திருக்கும்போது.

4

தொழிற்சாலைக்கு போன் போட்டால் காவலாளி எடுத்தான். டூல் ரூமுக்குக் கொடுக்க மாட்டான், அது விதி. அவசரம் என்று மலாயில் சொன்னேன். என்ன அவசரம் என்றான். மண்டை பெரிதாகிவிட்டது என்றேன். வைத்துவிட்டான். ராஜனின் பேஜருக்கு அடித்துவிட்டு வாசலில் நின்றேன். கால் மணி நேரத்தில் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார், கவிதாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு.

பல் செட்டைக் காட்டினேன். மாட்டிப் பார்த்தார். இரண்டு தடவை பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"கம்பி வளைஞ்சிருக்கும். டின்னுல போட்டுக் குலுக்கிக் கொண்டாந்திருக்கா."

"மண்டைய எத்தன பெருக்கிப் போட்டீங்க?"

"என்னா பேசுற நீ. நான் பெருக்கல."

"நீங்க பெருக்கலீங்க. உங்க கம்ப்யூட்டர் பெருக்கியிருக்குதான்னு கேக்கறேன்."

அவர் மறுபடி பல் செட்டைக் கையில் எடுத்தார். எனக்குக் கோபம் வந்தால் வாய் நேராகக் கணபதிக்குப் போய்விடும். "ஏனுங்க, நாளைக்கு அந்த மனுசன் மண்டையத் திறந்துபோட்டு, தகடு உள்ள போகலீன்னா, அப்பவும் கம்பி வளைஞ்சிருக்கும்னு சொல்லுவீங்களா?" என்று கத்தினேன். கவிதா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ராஜன் செருப்பைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்தார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "வசந்தி, இப்பப் போயி சொன்னா தேதி போயிடும். தேதி போனா அவன் எந்திரிச்சி வந்துருவான். அவனப் பத்தி உனக்குத் தெரியும். ஒருவேள கம்பிதான் வளைஞ்சிருந்தா? ஒன்னுமில்லாததுக்கு நாமளே கெடுத்துட்ட மாதிரி ஆயிடும்ல."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. கம்பி வளைந்திருக்கிறதா, மண்டை தப்பா என்று தெரிந்துகொள்ள ஒரே வழிதான். பல் செட்டைச் சேகரின் வாயில் மாட்டிப் பார்க்க வேண்டும். எதற்கு என்று அவர் கேட்பார். பொய் சொல்ல எங்கள் இருவருக்கும் வராது.

மண்டையைத் துண்டில் சுற்றி, காய்கறி வாங்கும் பசார் பைக்குள் வைத்தேன். ராஜன் நுணுக்கமாக அளக்கும் வெர்னியரை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கவிதாவைப் பக்கத்து வீட்டில் விட்டோம். மோட்டார் சைக்கிளில் ராஜனுக்கும் எனக்கும் நடுவில் சேகரின் மண்டை. வழியில் ஒரு போலீஸ் தடுப்பு இருந்தது. பைக்குள் என்ன என்று அவர்கள் கேட்காதது எங்கள் நல்ல காலம்.

5

சேகர் மொட்டைத் தலையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பல் இல்லாமல் பேசக் கூச்சப்பட்டு, கையால் வாயை மூடிக்கொண்டார். பக்கத்தில் லெட்சுமி. எங்கள் இருவரையும் அந்த நேரத்தில் பார்த்ததுமே அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"என்னா அண்ணி, மூஞ்சே சரியில்ல."

ராஜனைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானே சொன்னேன். சுற்றி வளைக்காமல், பல் செட் ஏறாததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். "கம்பி வளைஞ்சிருந்தா ஒரு பிரச்சினையும் இல்ல தம்பி. நீங்க மாட்டிப் பாத்துச் சொன்னாத்தான் தெரியும்" என்று சொல்லி மைலோ டின்னை நீட்டினேன்.

அவர் உடனே வாங்கவில்லை. அந்தக் குழிந்த இடம் துடித்துக்கொண்டிருந்தது, என் கண் அதை விட்டு நகரவில்லை. கம்பி வளைந்திருக்க வேண்டும் கடவுளே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். வாழ்க்கையில் ஒரு சாமான் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று நான் வேண்டியது அந்த ஒரு தடவைதான்.

பல் செட்டை எடுத்தார், வாய்க்குள் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். டக் என்று சத்தம் வந்தது. நாக்கால் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு வாயிலிருந்து கையை எடுத்துவிட்டு, ராஜனைப் பார்த்து முழு வாயால் பேசினார்.

"கரெக்டா இருக்குண்ணே."

ராஜன் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "எம்மேலதான்டா தப்பு" என்றார்.

சேகர் எழுந்தார். போச்சு, சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பப் போகிறார் என்றுதான் நினைத்தேன். லெட்சுமி அவர் கையைப் பிடித்தாள். அவர் கிளம்பவில்லை. "டாக்டரு மேல இருக்காரு, இப்பத்தான் போனாரு. நின்னுக்கிட்டு இருக்கீங்களே, போயி சொல்லுங்கண்ணே" என்றார். "பொருந்தாத தகட வச்சித் தைக்கிறதுக்கு முன்னாடி சொன்னீங்களே, அதுபோதும்" என்றும் சொன்னார்.

டாக்டர் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது. ஸ்கேன் படத்தை எடுத்து வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். படத்தின் ஓரத்தில் அளவுக்கோடு இருக்கும். ராஜன் வெர்னியரைப் படத்தில் வைத்தார், மண்டையில் வைத்தார். தன் கண்ணை நம்பாமல் அதை என்னிடம் கொடுத்தார், நான் அளந்தேன். பம்ப் கம்பெனியை விட்டு வந்த பிறகு அன்றைக்குத்தான் நான் ஒன்றை அளக்கிறேன். நூற்றுக்கு இரண்டு கூட. ஓட்டையின் அகலத்தில் அது ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் வரும்.

தகட்டின் ஓரத்தை லேபில் தேய்த்துவிடலாம், வளைவில் இவ்வளவு வித்தியாசம் பாதகமில்லை என்றார் டாக்டர். "ஆனால் எதை வைத்துப் பார்த்துத் தேய்ப்பது? சரியான அளவில் உங்களிடம் என்ன இருக்கிறது?" என்று கேட்டார். எங்களிடம் ஒன்றும் இல்லை. சரியான அளவில் இருந்தது சேகரின் தலை மட்டும்தான். தகடு ராத்திரி முழுக்கக் கிருமி நீக்கும் வாயு அறையில் இருக்க வேண்டும், அதனால் இருட்டுவதற்குள் வந்தால் நாளைக்கு அறுவை, வராவிட்டால் தேதி போய்விடும், அடுத்தது எப்போது என்று என்னால் சொல்ல முடியாது என்றார்.

"முழு மண்ட வேணாம் டாக்டர். ஓட்டையச் சுத்தி வெளிம்பு மட்டும் போதும், ஒரு வளையம். செஞ்சிக் கொண்டாந்துடுறேன்" என்றார் ராஜன். சொல்லிவிட்டுப் படியிறங்கி ஓடினார். அந்த மிஷினில் அன்று வாடிக்கையாளர் ஒருவரின் சாமான் பாதி ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை அவர் டாக்டரிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை.

அதை அவர் பிறகுதான் சொன்னார். பாதியில் நிறுத்தினால் அந்தச் சாமான் குப்பைக்குத்தான். மேனேஜர் லிம்மிடம் போய் நடந்ததை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். லிம் தன் ஹொக்கியன் சீனத்தில் என்னென்னவோ திட்டினாராம். மண்டை செய்ய மிஷினைக் கொடுத்தது ஒரு தப்பு, அதை உன்னிடம் கொடுத்தது இன்னொரு தப்பு என்றாராம். திட்டிக்கொண்டே போய் மிஷினை நிறுத்தினாராம். அடுத்த மாதமே ராஜனை அந்த மிஷினிலிருந்து எடுத்து அச்சுக்கு மெருகு போடும் வேலையில் போட்டுவிட்டார். இன்றுவரை அங்கேதான் இருக்கிறார். இதில் லிம்மைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நானும் லெட்சுமியும் வார்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். இமிகிரேஷன் கவுண்டர் மூடியிருக்கும், நாளையிலிருந்து நான் இந்த நாட்டில் சட்டப்படி கிடையாது என்ற நினைப்பு வந்து, வந்த வேகத்தில் போயும்விட்டது. என் மடியில் பசார் பை. அதற்குள் என்ன இருக்கிறது என்று லெட்சுமிக்குத் தெரியும். ஒரு நாற்காலி தள்ளித்தான் உட்கார்ந்தாள். வெயில் வராந்தாவின் பாதிக்கு வந்தது, முழுக்க வந்தது, சுவரில் ஏறியது. லெட்சுமி ஒவ்வொரு மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கும் எழுந்து எட்டிப் பார்த்தாள். எனக்கு எட்டிப் பார்க்கத் தைரியம் இல்லை.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் ராஜன் வந்தார். கையில் ஒரு வளையம், இன்னும் பிசின் வாடை போகவில்லை. தகட்டை அதில் வைத்துப் பார்த்தார்கள். மேலேயே நின்றது, உள்ளே இறங்கவில்லை. கூடுதலாக இருந்த அவ்வளவையும் நாங்கள் அந்தத் தலைக்குள் அனுப்பப் பார்த்திருக்கிறோம். லேப்காரர் தேய்த்தார், வைத்துப் பார்த்தார், மறுபடி தேய்த்தார். கடைசியில் அது உட்கார்ந்தபோது யாரும் கை தட்டவில்லை. போன தடவை உட்கார்ந்த சத்தத்தை நம்பித்தானே இவ்வளவும். ராஜன் வெர்னியரை என்னிடம் நீட்டினார். நான் வளையத்தைப் படத்தோடு அளந்து பார்த்துவிட்டு, சரி என்றேன். அந்தச் சரியைச் சொன்ன பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்து, முகமூடியை இறக்கி, இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துக் காட்டினார். உட்கார்ந்துவிட்டது. சொன்ன நேரத்துக்கு முன்பே மூடிவிட்டாராம். சீழ் பிடிக்காது என்று நம்புவதற்கு அதற்குப் பிறகும் பல வாரம் ஆனது. ஒவ்வொரு காய்ச்சலுக்கும் ஒவ்வொரு தலைவலிக்கும் எல்லோரும் செத்துப் பிழைத்தோம். சீழ் பிடிக்கவில்லை.

இமிகிரேஷனில், பாஸ் முடிந்த பிறகு ஏன் வந்தீர்கள் என்று கேட்டார்கள். என் கொழுந்தனாரின் தலை அளவு தப்பாகிவிட்டது என்று மலாயில் விளக்கினேன். அதிகாரி பேனாவை மூடினார். அடுத்த தடவை மொழி தெரிந்த ஒருவரை அழைத்து வாருங்கள் என்றார். கவிதாவை அழைத்துக்கொண்டு போனேன். அவள் கவுண்டரில் எக்கி நின்று, எனக்காக, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். நான் பேசினால் நாலடி தள்ளி நிற்பவள் அன்று என் பக்கத்திலேயே நின்றாள்.

6

போன் வந்த அந்தத் திங்கட்கிழமையே பள்ளிக்குப் போனேன். மண்டையை வாங்கிக்கொண்டு, ஆசிரியையிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வரலாம் என்றுதான் போனேன். மண்டபத்தில் ஒரு மேசையைச் சுற்றி ஒரே கூட்டம். நடுவில் சேகர் நின்றுகொண்டிருந்தார், மறுபடி வேலை கொடுத்துவிட்ட லோரிக் கம்பெனியின் சட்டையோடு. கவிதா போன் பண்ணி வரச் சொல்லியிருக்கிறாள். இவர் லோரியை வாசலில் நிறுத்திவிட்டு வந்து, மண்டைக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்து கொடுத்துக்கொண்டிருக்கிறார். பிள்ளைகள் வரிசையில் வந்து தொட்டுப் பார்க்கிறார்கள். பயந்த பிள்ளை ஒன்றையும் காணோம். ஆசிரியையே ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டார்.

லெட்சுமியும் வந்திருந்தாள். லோரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாராம். மேசையிலிருந்து தள்ளி, சுவரோரமாக நின்றாள். கூட்டம் கலைந்த பிறகு மெல்ல வந்தாள். ஒரு வருடமாக, அது இருக்கிற வீட்டுக்குள் நுழையாதவள், மண்டையை நேருக்கு நேர் பார்த்தாள். பிறகு தன்னை அறியாமல் கையை நீட்டி அந்த ஓட்டையின் மேல் உள்ளங்கையை வைத்தாள். எத்தனையோ ராத்திரி வைத்த கை, வைக்க வேண்டிய இடம் அதற்குத் தெரிந்திருந்தது.

கை ஓட்டையை முழுக்க மூடவில்லை. ஓரத்தில் கொஞ்சம் இடைவெளி தெரிந்தது. அவள் விரல்களை அகல விரித்துப் பார்த்தாள்.

"இவ்ளோ பெருசாவாக்கா இருந்துச்சு? என் கை பத்தலியா அப்ப?"

"இல்ல லெட்சுமி. இது தப்பு மண்டை" என்றேன். "அவருக்கு இருந்தது இதவிடச் சின்னது. உன் கை சரியா இருந்திருக்கும்."